பவுடர் கோட்டிங் போட்ட ஃபிரேமில் எர்த் பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் பழைய மோட்டார் சைக்கிளை, குறிப்பாகக் கப்சாய் எனும் சின்ன வண்டிகளை, பிரித்துப் புதுசாக்கும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. அப்பா ஓட்டிய ஹோண்டா இஎக்ஸ்5, மாமா விட்டுப்போன யமஹா ஆர்எக்ஸ்-இசட், வீட்டோரம் துருப்பிடித்துக் கிடந்த மொடெனாஸ் கிரிஸ் என்று எதையாவது எடுத்து, ஃபிரேமுக்கு மணல் அடித்து, பவுடர் கோட்டிங் போட்டுக் கொண்டுவருகிறார்கள். பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் எல்லாம் பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால் மின்சாரம் மட்டும் மக்கர் பண்ணும். பட்டர்வொர்த், பிறை, ஜெலுத்தோங் பக்கம் வண்டி கட்டும் தம்பிகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுப் பூச்சை அங்கங்கே சுரண்டி, ஃபிரேமை மறுபடியும் மின்சாரப் பாதை ஆக்கப் பார்க்காதீர்கள். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வருவதற்கு, அதாவது எர்த்துக்கு, தனி வயர் போட்டுவிடுங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதையே சுற்றி வரும்.

பழைய வயரிங்கையே அப்படியே பூட்டினேன். ஹாரன் முனகுகிறது, சிக்னல் போட்டால் மீட்டர் விளக்கும் சேர்ந்து மின்னுகிறது. வயரிங் செத்துவிட்டதா அண்ணே?

வயரிங் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பேட்டரியின் பிளஸிலிருந்து கிளம்பும் மின்சாரம் பல்புக்கோ ஹாரனுக்கோ போய், மறுபடி மைனஸுக்கு வந்து சேர வேண்டும். போகிற வழிக்கு எல்லா வண்டியிலும் வயர் உண்டு. திரும்புகிற வழிக்குப் பழைய வண்டிகள் பலவற்றில் ஃபிரேமின் இரும்பையே நம்பியிருந்தார்கள். தொழிற்சாலைப் பெயின்ட் மெல்லியது. எர்த் போல்ட் உட்காரும் இடத்தைப் பெயின்ட் படாமல் விட்டிருப்பார்கள், மற்ற போல்ட்டுகளும் வருஷக்கணக்கில் இறுகித் தேய்ந்து இரும்போடு இரும்பாக உட்கார்ந்திருக்கும்.

பவுடர் கோட்டிங் இந்த இடங்களை எல்லாம் மூடிவிடுகிறது. அது 60 முதல் 100 மைக்ரான் வரை தடிமன் உள்ள ஒரே தொடர்ச்சியான பிளாஸ்டிக் படலம். குறையில்லாமல் பிடித்த பூச்சு ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்கும். 12 வோல்ட் அதைத் தாண்டிப் போக வழியே இல்லை.

மீட்டர் விளக்கு சேர்ந்து மின்னுவது நல்ல துப்பு. சிக்னல் பல்புக்குப் போன மின்சாரம் தன் எர்த் வழியாகத் திரும்ப முடியாமல், பக்கத்துப் பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது என்று பொருள். பிரேக் பிடித்தால் மீட்டர் எரிவதும், ஹாரன் அடித்தால் பின்விளக்கு மங்குவதும் இதே கதைதான். ஒன்றை இயக்கினால் சம்பந்தமில்லாத இன்னொன்று ஆடினால், முதலில் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். அதற்குள் ஃபிளாஷரும் சுவிட்சும் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம்.

தூள் ஒட்டுவதே மின்சாரத்தால்தானே? அப்படியானால் பூச்சு மின்சாரத்தைக் கடத்த வேண்டாமா?

கடத்துவது ஃபிரேம், தூள் இல்லை. துப்பாக்கி தூளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டில் மின்னூட்டம் தருகிறது. ஃபிரேம் எர்த் செய்யப்பட்ட கொக்கியில் தொங்குகிறது. தூள் போய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வெந்து, உருகி, இறுகிப் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

இதில் உங்களுக்கு உதவும் விஷயம் ஒன்று உண்டு. கொக்கி தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் தூள் சரியாக ஏறியிருக்காது. அங்கே இரும்பு தெரிந்தால் துரு வருவதற்குள் டச்-அப் செய்யுங்கள். அது தோதான இடமாக இருந்தால் எர்த் முனையாகவே வைத்துக்கொள்ளலாம், வேறு இடத்தைச் சுரண்டும் வேலை மிச்சம்.

ஃபிரேமை இன்னும் அனுப்பவில்லை. கோட்டிங் கடையில் என்ன சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டவர்களின் வண்டியில் பின்னால் தொந்தரவும் குறைவு. எந்தெந்த இடத்தில் தூள் படக்கூடாது என்று நீங்களே மார்க்கர் பேனாவால் குறித்து, போட்டோவும் எடுத்துக் கொடுங்கள். மறைப்பதற்கு அவர்களிடம் சூடு தாங்கும் டேப்பும் சிலிக்கான் அடைப்பான்களும் இருக்கும். சொல்லாவிட்டால் ஓட்டை உட்பட எல்லா இடத்திலும் அடித்துவிடுவார்கள். அது அவர்கள் தப்பில்லை, அழகாகப் பூசுவதுதான் அவர்கள் வேலை.

தொழிற்சாலையில் வைத்த எர்த் போல்ட்டின் முகம், இஞ்சின் மாட்டும் காதுகளின் உள்பக்கம், ஹெட்ஸ்டாக்கில் (ஹேண்டில் திரும்பும் முன்குழாய்) பேரிங் கிண்ணம் உட்காரும் இடம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் அச்சு போகும் துளை, மரையுள்ள எல்லா ஓட்டைகள் ஆகியவற்றை மறைக்கச் சொல்லுங்கள். பேரிங், அச்சு இடங்கள் எர்த்துக்காக மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் 80 மைக்ரான் ஏறினாலே பொருத்தம் மாறிவிடும், பேரிங்கை அடித்து இறக்க வேண்டிவரும்.

சேசிஸ் எண்ணை மறக்கவே மறக்காதீர்கள். பொறித்த எழுத்துக்குள் தடிமனாகத் தூள் நிரம்பிவிட்டால் எண் படிக்க முடியாது, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) வேலை எதற்குப் போனாலும் அலைச்சல். அந்த இடத்தில் மட்டும் மறைத்துவிட்டு, பிறகு மெல்லிய பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

மணல் அடித்த ஃபிரேமை இரவு முழுக்கத் திறந்து போடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெறும் இரும்பு சில மணி நேரத்திலேயே மஞ்சள் கட்டத் தொடங்கும். அந்தத் துருவின் மேல் பூசினால் பூச்சும் நிற்காது.

ஏற்கெனவே பூசியாயிற்று. எர்த் எங்கே, எப்படிக் கொடுப்பது?

பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு தடித்த வயரை நேராக இஞ்சின் கேஸுக்குக் கொண்டுபோங்கள். இதுதான் முதுகெலும்பு. ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்சாரம் திரும்புவது இஞ்சின் உடல் வழியாக. இஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலின் எர்த்தும் பெரும்பாலான கப்சாயில் இஞ்சினில்தான் முடிகிறது. இஞ்சின் கேஸ் அலுமினியம், ஃபிரேமோடு சேர்த்து அதற்குப் பெரும்பாலும் பவுடர் கோட்டிங் போடுவதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிடிக்கும் போல்ட்டோ கிராங்க்கேஸின் ஒரு கவர் போல்ட்டோ போதும். லக் (வயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்) உட்காரும் இடத்தைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதே மைனஸிலிருந்தோ இஞ்சின் போல்ட்டிலிருந்தோ முன்னால் ஒரு எர்த் வயர், பின்னால் ஒரு எர்த் வயர். முன்வயர் ஹெட்லைட் கூட்டுக்குள் போய், முன்விளக்கு, ஹாரன், மீட்டர், இரண்டு முன் சிக்னல் எல்லாவற்றின் எர்த்தையும் ஒரே இடத்தில் சேர்க்கும். பின்வயர் பின்விளக்குக்கும் பின் சிக்னல்களுக்கும். பழைய வண்டிகளில் சிக்னலின் இரும்புத் தண்டுதான் எர்த்தாக இருக்கும், அதில் வயரே இருக்காது. தண்டின் நட்டுக்கு அடியில் ஒரு வட்ட லக்கைச் சொருகி வயர் எடுத்துவிடுங்கள்.

முன்பக்கத்துக்குத் தனி வயர் ஏன் கட்டாயம் என்றால், ஹேண்டிலும் ஃபோர்க்கும் ஃபிரேமோடு தொட்டுக்கொள்வது ஹெட்ஸ்டாக்கின் பேரிங் குண்டுகள் வழியாக, அதுவும் கிரீஸுக்கு நடுவில். அந்த வழியாக மின்சாரத்தை ஓடவிட்டால் ஹேண்டிலைத் திருப்பும்போது விளக்கு மினுக்கும். நாளடைவில் குண்டுகளிலும் சின்னச் சின்னப் பொத்தல் விழும்.

கடைசியாக, ஃபிரேமுக்கும் ஒரு எர்த் கொடுங்கள், ஆனால் ஒரே ஒரு இடத்தில். யாருக்கும் தெரியாத இடமாக, சீட்டுக்கு அடியிலோ பேட்டரிப் பெட்டி பக்கமோ பாருங்கள். ஏதாவது பாகம் தற்செயலாக ஃபிரேமைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதற்கும் ஒரு வழி இருக்கட்டும் என்பதற்காகத்தான். வண்டியின் விளக்கெல்லாம் அதை நம்பி இருக்கக் கூடாது.

அந்த ஒரு இடத்தைச் சுரண்டுவது எப்படி? பூச்சு உரிந்து வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஸ்குரூடிரைவரால் கீறினால் உரியும். லக்கின் அகலத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் விட்டு வட்டம் வரைந்து, அந்த விளிம்பைக் கூரான பிளேடால் முதலில் வெட்டிவிடுங்கள். பிறகு சின்னக் கிரைண்டரோ உப்புத்தாளோ கொண்டு உள்பக்கம் மட்டும் தேயுங்கள். வெட்டிய விளிம்பு இருப்பதால் உரிசல் வெளியே ஓடாது. சாதாரணத் தின்னர் வெந்த பவுடரைக் கரைக்காது, பெயின்ட் ரிமூவர் பக்கத்துப் பூச்சையும் சேர்த்துத் தின்றுவிடும். இரண்டும் வேண்டாம்.

மரைக்குள் தூள் இருந்தால் எம்6 (6 மி.மீ.) மரைக்கு 1.0 பிட்ச் மரை வெட்டும் டேப்பை விரலால் திருகி இறக்கிச் சுத்தம் செய்யுங்கள். தூளோடு போல்ட்டை முறுக்கினால் மரை நாசம்.

லக் நேராக வெறும் இரும்பின் மேல் உட்கார வேண்டும். அதன் மேல் பல் வாஷர், அதன் மேல் போல்ட். லக்குக்கும் இரும்புக்கும் நடுவில் சாதா வாஷர் எதுவும் வேண்டாம். எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும். இறுக்கியபின் சுற்றிலும் வேசலினையோ மெல்லிய பெயின்ட்டையோ பூசி மூடிவிடுங்கள்.

பல் வாஷரையே பூச்சின் மேல் வைத்து முறுக்கினால் அதுவே குத்திக்கொண்டு இரும்பைத் தொடும் என்று சிலர் செய்வார்கள். அன்றைக்கு வேலை செய்யும். நாலைந்து பல் முனை தொடுகிற இடம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். அந்தக் கீறல் வழியாகவே மழைநீர் பூச்சுக்கு அடியில் இறங்கித் துருவைப் பரப்பும். எனக்கு இது பிடிப்பதில்லை.

எத்தனை மி.மீ. வயர்?

இஞ்சினுக்குப் போகும் முதுகெலும்பு வயர், கப்சாய்க்கு 8 சதுர மி.மீ. இருந்தால் தாராளம். பெரிய வண்டிக்கு 16 போடுங்கள். முன், பின் எர்த் வயர் 2 சதுர மி.மீ., அதிலிருந்து பிரிவது 0.75 அல்லது 0.85.

2 சதுர மி.மீ. செம்பு வயரில் ஒரு மீட்டருக்கு 0.009 ஓம் தடை. ஒன்றரை மீட்டர் போனாலும் 8 ஆம்பியருக்கு இழப்பு 0.1 வோல்ட்தான். பூச்சின் மேல் அரைகுறையாகத் தொடும் ஒரு போல்ட்டில் அரை ஓம் தடை இருந்தால், 35 வாட் முன்விளக்கின் 3 ஆம்பியருக்கே ஒன்றரை வோல்ட் போய்விடும். ஹாலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட வேகமாகக் குறையும். 12-க்குப் பதில் 10.5 வோல்ட் கிடைத்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும்.

வெள்ளீயம் பூசிய செம்பு லக் வாங்குங்கள். வெறும் செம்பு, அலுமினிய இஞ்சினோடு உப்புக்காற்றில் சேர்ந்தால் அரிப்பு சீக்கிரம் வரும்.

எர்த் வயர் எந்தக் கலர்?

இதில் கவனம் தேவை. ஹோண்டாவில் பச்சை. யமஹாவில் கறுப்பு. கவாசாகியில் மஞ்சள் கோடு போட்ட கறுப்பு. சுசுகியில் வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு.

ஆபத்து எங்கே என்றால், ஹோண்டாவில் கறுப்பு என்பது சாவி திருப்பியதும் பிளஸ் வரும் வயர். யமஹாவில் பழகிய கை ஹோண்டாவின் கறுப்பை இஞ்சினில் பூட்டினால் சாவி திருப்பிய நொடியில் ஃபியூஸ் போகும். அதேபோல மஞ்சள் கோடு போட்ட கறுப்பு, ஹோண்டா கப்சாயில் சிடிஐயிலிருந்து (ஸ்பார்க்கை இயக்கும் பெட்டி) இக்னிஷன் காயிலுக்குப் போவது. அதை எர்த் செய்தால் ஸ்பார்க்கே வராது. பழைய வண்டியில் யார் யாரோ வயரை மாற்றியும் இருப்பார்கள். கலரைப் பார்த்துவிட்டு, மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்தபின் வெட்டுங்கள்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்தால் எர்த் பூஜ்யம் காட்டுகிறது. ஆனால் செல்ஃப் அடித்தால் கட்கட் என்கிறதே?

ஓம் மீட்டரை இந்த வேலைக்கு நம்பக் கூடாது. மீட்டரின் இரண்டு வயருக்கே 0.2, 0.3 ஓம் தடை இருக்கும். ஸ்டார்ட்டருக்கோ 0.05 ஓமே தொல்லை. 40 ஆம்பியர் இழுத்தால் அந்த 0.05 ஓமில் 2 வோல்ட் தொலையும். ஏற்கெனவே செல்ஃப் அடிக்கும்போது பத்தரை வோல்ட்டுக்கு இறங்கும் பேட்டரியில் மேலும் 2 வோல்ட் போனால் மோட்டார் எப்படிச் சுற்றும்? இழை இழையாக அறுந்து ஒரே இழை மிஞ்சிய வயரும் ஓம் மீட்டரில் பூஜ்யம்தான் காட்டும்.

சுமை ஓடும்போது வோல்ட் இழப்பை அளங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் மைனஸ் ஈயத்திலேயே, அதாவது டெர்மினல் போல்ட்டில் இல்லாமல் ஈயத்தின் மேல். மறுமுனை இஞ்சின் கேஸில். செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் அருமை. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ குறை. லக்கில் ஒருமுறை, போல்ட் தலையில் ஒருமுறை, கேஸில் ஒருமுறை என்று முனையை நகர்த்திப் பாருங்கள். எண் எங்கே எகிறுகிறதோ அங்கேதான் வேலை.

விளக்குகளுக்கு, எல்லா விளக்கையும் போட்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, பேட்டரி மைனஸுக்கும் பல்பின் உடலுக்கும் நடுவில் அளங்கள். 0.1 வோல்ட்டை ஒட்டி இருந்தால் போதும்.

மீட்டர் இல்லையா? இரண்டு பக்கமும் முதலைக் கிளிப் வைத்த ஒரு நீள வயர் போதும். பேட்டரி மைனஸில் ஒன்று, சந்தேகமுள்ள பல்பின் உடலில் இன்னொன்று. விளக்கு பளிச்சென்று ஆகிவிட்டால் எர்த்தான் குற்றவாளி. சோதனைக்கு எல்இடி விளக்கை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது சொற்ப மின்சாரத்தில் எரிவதால் மோசமான எர்த்தையும் நல்லது என்று காட்டிவிடும். 21 வாட் பிரேக் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்துக்கொண்டால் நல்ல சோதனை விளக்கு.

செல்ஃப் அடித்தால் ஆக்சிலேட்டர் கேபிள் சுடுகிறது. இது எப்படி?

உடனே நிறுத்துங்கள். பேட்டரி மைனஸ் ஃபிரேமில் மட்டும் பூட்டியிருக்கிறது, இஞ்சின் காதுகள் பூச்சால் மூடியிருக்கின்றன. ஸ்டார்ட்டரின் முழு மின்சாரமும் ஃபிரேமுக்கு வர வேறு வழி தேடி, கார்பரேட்டரிலிருந்து ஹேண்டிலுக்குப் போகும் மெல்லிய இரும்புக் கேபிள் வழியாக ஓடுகிறது. உள்ளே பிளாஸ்டிக் உறை உருகிக் கேபிள் ஒட்டிக்கொண்டால் ஓடும் வண்டியில் ஆக்சிலேட்டர் திரும்பாது. உயிருக்கே ஆபத்து. இஞ்சினுக்குத் தடித்த எர்த் வயர் போட்டபின், சுட்ட கேபிளையும் மாற்றிவிடுங்கள், அது வெளியே நன்றாகத் தெரிந்தாலும்.

சிக்னல், ஹாரன் எல்லாம் சரி. முன்விளக்கு மட்டும் மங்கல்.

பழைய கப்சாய் பலவற்றில் முன்விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை, மேக்னெட்டோவின் காயிலிலிருந்து நேராக வருகிறது. அந்தக் காயிலின் எர்த் இஞ்சினில். ஆக, விளக்கின் எர்த் இஞ்சின் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். 1992 முதல் இந்த நாட்டில் மோட்டார் ஓட்டுபவர்கள் பகலிலும் முன்விளக்கு போட்டாக வேண்டும். நாள் முழுக்க எரியும் விளக்குக்கு நல்ல எர்த் கொடுப்பது வீண் செலவில்லை.

ரெகுலேட்டர், இக்னிஷன் காயிலுக்கும் எர்த் வேண்டுமா?

வேண்டும், இரண்டையும் பலர் மறக்கிறார்கள். சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்கள் சிலவற்றில் உலோக உடலே எர்த். பூசிய தகட்டில் மாட்டினால் அது வோல்ட்டைச் சரியாகப் பார்க்க முடியாது. சார்ஜே ஏறாமல் போகலாம், அல்லது கட்டுப்பாடில்லாமல் ஏறிப் பல்புகளைப் பொசுக்கலாம். வண்டியை முறுக்கிப் பிடித்துப் பேட்டரியில் அளங்கள். 13.5 முதல் 14.5 வரை சரி. 15-ஐத் தாண்டினால் ஓட்டாதீர்கள். எர்த் வயர் ஏற்கெனவே இருக்கும் ரெகுலேட்டராக இருந்தாலும், அதன் முதுகைப் பூச்சில்லாத உலோகத்தில் சேர்த்து வைத்தால் சூடும் இறங்கும்.

இக்னிஷன் காயிலுக்கு ஒரே ஒரு மெல்லிய வயர் மட்டும் வந்தால், மறுமுனையின் எர்த் அதன் இரும்புக் காது வழியாகத்தான். காது பூச்சின் மேல் உட்கார்ந்தால் ஸ்பார்க் வராது, அல்லது விட்டுவிட்டு வரும். காதில் ஒரு லக் போட்டு இஞ்சினுக்கு வயர் இழுங்கள்.

எனது யமஹா ஒய்15, இன்ஜெக்ஷன் வண்டி. இதே முறையா?

முதுகெலும்பு வயர் அதே. ஆனால் சென்சார்களின் எர்த்தை நீங்கள் தொடாதீர்கள். அவை 5 வோல்ட்டில் வேலை செய்பவை, ஈசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தனக்கென்று தனியாக எர்த் வைத்திருக்கும். அதை விளக்கின் எர்த்தோடு கலந்தால் இன்ஜின் லைட் எரியும். தொழிற்சாலை எர்த் எந்தப் போல்ட்டில் இருந்ததோ அந்த இடத்தில் மட்டும் பூச்சை நீக்கி அப்படியே பூட்டுங்கள்.

தாத்தாவின் பிஎஸ்ஏ இருக்கிறது. அதற்கும் மைனஸ்தானா?

லூக்காஸ் கம்பெனியின் மின்சாமான் போட்ட பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். வயர் போடும் முறை இதேதான், முனை மட்டும் மாறும். பேட்டரியைப் பூட்டும் முன் எந்த முனை உடலோடு சேர்ந்திருந்தது என்று பாருங்கள்.

தினமும் பினாங்குப் பாலம் கடந்து வேலைக்குப் போகிறேன். எவ்வளவு நாள் தாங்கும்?

8.4 கிலோமீட்டர் கடல் மேல் ஓடும் பாலத்தில் தினமும் போய்வரும் வண்டிக்கு உப்புக்காற்றும் மழையும் தப்பாது. லக்கைக் கருவியால் நசுக்கிப் பிடித்தபின், பசையுள்ள ஹீட்ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். வெறும் கறுப்பு டேப் நம் வெயிலில் இளகி வழுக்கிவிடும். செப்டம்பர், அக்டோபர் மழைக்கு முன் ஒருமுறை எல்லா எர்த் போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். பச்சையோ வெள்ளைத் தூளோ தெரிந்தால் தேய்த்து, மறுபடி வேசலின் பூசிப் பூட்டுங்கள்.

வேலையைத் தொடங்கும்போது எந்த முனையை முதலில் கழற்றுவது?

மைனஸ் எர்த் வண்டியில் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். பூசிய ஃபிரேம் என்பதால் ஸ்பேனர் பட்டாலும் பொறி வராது என்று நினைக்காதீர்கள். பிளஸில் இருக்கும் ஸ்பேனரின் மறுமுனை இஞ்சினையோ நீங்கள் இப்போது சுரண்டிய அந்த எர்த் போல்ட்டையோ தொட்டால் போதும்.